திருப்பினால் எஞ்சின் நிற்க வேண்டும்

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ் பந்தயத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. பாதையில் கடமையிலிருந்த பந்தய உதவியாளர்களும் அந்த 7 பேரில் அடக்கம். பலர் மறந்துவிட்ட ஒரு விபரம் உண்டு. அவர்களின் உயிரைப் பறித்த கார் பாதையை விட்டு விலகிச் சனங்களுக்குள் பாய்வதற்கு முன்னரே இன்னொரு கார் பாதையோரத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் வருபவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று உத்தியோகத்தர்கள் மஞ்சள் சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கட்டுரையின் பொருளான பெட்டரி துண்டிப்பு ஆளி அந்த 7 பேரில் ஒருவரையும் காப்பாற்றியிருக்காது. அந்த மரணங்களின் காரணம் வேறு. ஆனால் மண்பாதைப் பந்தயத்தில் கவிழ்ந்த வாகனத்தின் அருகே மனிதர் நிற்க நேரும் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நாள் காட்டியது. கவிழ்ந்த வாகனத்தை ஒரே இழுப்பில், யார் கையாலும், முழுவதுமாக அணைத்துவிட முடிந்தால் அந்த விநாடிகள் குறையும். துண்டிப்பு ஆளியின் நோக்கம் அதுதான். பூட்டும் விதம் சற்றுப் பிசகினால் அந்த நோக்கம் முழுவதும் கெட்டுவிடும். பிசகுவதோ மிகச் சுலபம்.

இதைத் தியத்தலாவைப் பந்தயக்காரர்களின் விடயம் என்று பசறைப் பக்கத்தில் யாரும் ஒதுக்கிவிட முடியாது. சேற்றுப் பாதைப் போட்டிகளில் இறங்கும் பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்பும் லேண்ட் ரோவரும் சின்னச் சுசுகியும் மலையகத் தோட்டப் பாதைகளில் ஆளும் சரக்கும் ஏற்றி ஓடிய அதே இனம். நமுனுகுலைச் சரிவுகளில் போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாகனம் கவிழும் விதம் ஒன்றுதான்: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஈர மண். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையில் இருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்தப் பகுதி மறக்காது. அங்கே உயிர்களைக் கொண்டுபோனது வீழ்ச்சிதான். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் பொலிசுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் முன்னால் பள்ளத்தில் இறங்குபவர்கள் அயல் லயத்துச் சனங்கள். வாகனத்தின் உள்ளமைப்பு அவர்களுக்குத் தெரியாது. பெட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. துண்டிப்பு ஆளியை மதிப்பிட வேண்டியது அவர்கள் கையில் அது என்ன செய்யும் என்பதை வைத்துத்தான். சாரதியின் வசதி அதற்கு அடுத்தது.

முதலில், எதைத் துண்டிக்கப் போகிறோம் என்று பார்ப்போம். சாதாரண ஜீப்பில் இருக்கும் 12 வோல்ற்று, 60 அம்பியர்-மணி ஈயப் பெட்டரியில் 720 வாற்று-மணி சக்தி இருக்கிறது. யூல் கணக்கில் ஏறத்தாழ 26 இலட்சம். 12 வோல்ற்று கையைத் தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்பது உண்மை. அதனாலேயே அதைப் பலர் சாதுவான மின்சாரம் என்று நினைக்கிறார்கள். ஆபத்து வோல்ற்றில் இல்லை, அகத்தடையில் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள பெட்டரியின் அகத்தடை, வயரின் தடையையும் சேர்த்து, ஓமின் ஆயிரத்தில் 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நேர்முனை உடம்புத் தகட்டில் முட்டினால் ஓமின் விதிப்படி 12.6ஐ 0.01ஆல் வகுக்க 1,260 அம்பியர் பாயும். வீடொன்றுக்கு மின்சார சபை தரும் வழக்கமான இணைப்பே 30 அம்பியர்தான். 1,260 அம்பியர் பாயும் இடத்தில் இரும்பு உருகித் தெறிக்கும். வயரின் உறை எரியும். கவிழ்ந்த வாகனத்தில் இது நடக்க அதிகம் தேவையில்லை. 15 கிலோ எடையுள்ள பெட்டரி, மோதலின்போது புவியீர்ப்பின் 10 மடங்கு அதிர்ச்சி வந்தால், 150 கிலோ எடைபோலத் தன் பட்டியை இழுக்கும். பட்டி கம்பியால் கட்டியதாகவோ துருப்பிடித்ததாகவோ இருந்தால் பெட்டரி எழும்பி, நேர்முனை பொனட்டில் போய்த் தட்டும்.

‘பியூஸ் எதற்கு இருக்கிறது?’ என்று இங்கே கேட்பார்கள். நியாயமான கேள்வி. விளக்குக்கும் ஹோனுக்கும் வானொலிக்கும் பியூஸ் உண்டு. ஆனால் பெட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் போகும் தடித்த வயரில் பெரும்பாலான வாகனங்களில் பியூஸ் கிடையாது. ஸ்டார்ட்டர் இயங்கும்போதே பெற்றோல் எஞ்சினில் 150, 200 அம்பியரும், டீசலில் அதற்கு மேலும் இழுக்கும். அதைத் தாங்கும் பியூஸ் சிறிய குறுஞ்சுற்றுக்கு எரியாது. குறுஞ்சுற்றுக்கு எரியும் பியூஸ் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதே போய்விடும். ஆகவே வாகனத்தில் மிகத் தடித்த வயரே காவலில்லாத வயராகவும் இருக்கிறது. அது எஞ்சினுக்குப் பக்கத்தால், சூடான புகைக்குழாய்க்கு அண்மையில், மண்பாதை அதிர்வில் உராய்ந்தபடி ஓடுகிறது. எடைச் சமநிலைக்காகப் பெட்டரியைப் பின்னால் கொண்டுபோய் வைக்கும் பந்தயக்காரர் அந்த வயரை வாகனத்தின் முழு நீளத்துக்கும் இழுக்கிறார். இக்னிஷன் சாவியைத் திருப்பினாலும் இந்த வயரில் மின் இருந்துகொண்டே இருக்கும். சாவி நிறுத்துவது எஞ்சினின் பற்றவைப்பையும் சில சுற்றுகளையும்தான். நசுங்கிய கதவுக்குள் கைவிட்டு அந்தச் சாவியைத் தேட வேண்டியவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இந்த வயர் பொறி கக்கும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பெற்றோல் ஆவி காற்றில் 1.4 வீதம் கலந்தாலே பற்றத் தயார். மேல் எல்லை ஏறத்தாழ 7.6 வீதம். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது, ஆகவே பள்ளத்தில் தங்கும். வாகனம் பள்ளத்துக்குள் விழும் நாட்டில் இது சின்ன விடயமில்லை. தலைகீழாகக் கிடக்கும் வாகனத்தில் தாங்கியின் காற்றுக்குழாய் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் பெற்றோல் ஒழுகும். மின் எரிபொருள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அறுந்த குழாயால் பீறிட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பெட்டரியிலிருந்து ஐதரசனும் வெளியாகும். அதன் தீப்பற்றும் வீச்சு 4 வீதத்திலிருந்து 75 வீதம் வரை. அதைக் கொளுத்த ஒரு மில்லியூலின் ஐம்பதில் ஒரு பங்கு பொறி போதும். துண்டிப்பு ஆளி இவை எல்லாவற்றையும் ஒழித்துவிடாது. சிவக்கச் சூடேறிய புகைக்குழாயும் தீ வைக்கும். அதை எந்த ஆளியாலும் ஆற்ற முடியாது. ஆளி நீக்குவது இரண்டை: பொறியை, பம்பை. விபத்துக்குப் பிறகு மனிதக் கையால் உடனே நிறுத்தக்கூடியவையும் இந்த இரண்டுதான்.

இனித்தான் விடயத்தின் முடிச்சு. வாகன உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு போல்ட் வைத்த ஆளி மலிவாகக் கிடைக்கிறது. பல நாள் நிற்கும் ஜீப்பின் பெட்டரி இறங்காமல் இருக்க அது நல்ல பொருள். கடிகாரமும் அலாரமும் சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 அம்பியர்-மணி போகும். 60 அம்பியர்-மணி பெட்டரி 50 நாளில் வெறுமையாகும். அந்த வேலைக்குச் செய்த ஆளியைப் பெட்டரியின் ஒரு முனையில் பூட்டிவிட்டு, ‘கட்-ஓஃப் போட்டாயிற்று’ என்று போட்டிக்குப் போனால் என்ன நடக்கும்? எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த ஆளியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஆல்டர்னேட்டர் சுழல்கிறது; அதுவே ஒரு மின் நிலையம். தன் சுருளுக்குத் தேவையான ஓட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டு, பற்றவைப்புக்கும் பம்புக்கும் விளக்குக்கும் 60, 70 அம்பியர் வரை கொடுக்கக்கூடியது. பெட்டரி இல்லாமலும் வண்டி ஓடும். சாரதி மயங்கிக் கிடக்க, ஓடி வந்தவர் ஆளியைத் திருப்ப, சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுழல, எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். வந்தவர் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று நம்பி, உயிருள்ள வயருக்குள் கையை விடுவார். ஆளியே இல்லாத வாகனத்தில் அவர் எச்சரிக்கையாகவாவது இருந்திருப்பார். அரைகுறையாகப் பூட்டிய ஆளி, ஆளி இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சில வாகனங்களில் எஞ்சின் நின்றும்விடலாம். ஆனால் அது வேறொரு சேதத்தோடு வரும். ஆல்டர்னேட்டர் பெரிய ஓட்டத்தைப் பெட்டரிக்குள் செலுத்திக்கொண்டிருக்கும் கணத்தில் பெட்டரியைச் சட்டென்று பிரித்தால், சுருளில் தேங்கிய காந்தப்புலம் உடனே அடங்காது. ஓட்டத்துக்குப் போக வழி இல்லாததால் வோல்ற்று ஏறும். மலையிலிருந்து பீலிக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் படாரென்று அடைத்தால் குழாய் முழுவதும் அதிர்வதை ஒத்தது இது. காப்பு இல்லாத 12 வோல்ற்று வாகனத்தில் இந்த ஏற்றம் 100 வோல்ற்றுக்குக் கிட்டவும் போகலாம். ஒரு விநாடியின் பத்தில் சில பங்கு நேரம் நீடிக்கலாம். ஆல்டர்னேட்டரின் டயோட்டும் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியும் சாக அவ்வளவு நேரம் தாராளம். புதிய ஆல்டர்னேட்டர்களில் இதை 35 வோல்ற்று அளவில் மட்டுப்படுத்தும் டயோட்டுகள் உள்ளே உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து வாகனங்கள் எத்தனை முறை ரீவைண்ட் செய்து, எந்த எந்தப் பாகம் மாற்றி ஓடுகின்றன என்பது தெரிந்ததே. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டிய காலம். ஆகவே உள்ளே காப்பு இருக்கும் என்று நம்பி வேலை செய்யக்கூடாது.

பந்தயத்துக்கென்று செய்த ஆளி இந்த இரண்டு சிக்கலையும் ஒருங்கே தீர்க்கிறது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 6 முனைகள் தெரியும். இரண்டு தடித்த போல்ட்: ஒன்றில் பெட்டரி, மற்றதில் வாகனம் முழுவதும், ஆல்டர்னேட்டரின் பிரதான வயரும் இந்த வாகனப் பக்கத்து போல்ட்டுக்கே வர வேண்டும். அடுத்து, ஆளி போட்டிருக்கும்போது சேர்ந்தும் அணைத்தால் பிரிந்தும் நிற்கும் இரண்டு சிறிய முனைகள். இக்னிஷன் வயரை வெட்டி இவற்றினூடாகக் கொண்டுபோக வேண்டும். பெட்டரி பிரியும் அதே கணத்தில் பற்றவைப்பும் அற்றுப்போய் எஞ்சின் நிற்பது இதனால்தான். மிச்சமுள்ள இரண்டு முனைகள் எதிர்மாறானவை. ஆளி போட்டிருக்கும்போது பிரிந்திருக்கும், அணைத்தால் சேரும். ஆல்டர்னேட்டரில் மிஞ்சியிருப்பதை ஏறத்தாழ 3 ஓம் தடை ஒன்றினூடாக எர்த்துக்கு அனுப்பும் வழி அது. 14 வோல்ற்றில் அந்தத் தடையினூடாக 4.7 அம்பியர் போகும். 65 வாற்று சூடு. தடையோ சுண்டுவிரல் பருமன், 11 வாற்றுக்கே ஆனது. எஞ்சின் சுழன்று ஓயும் ஓரிரு விநாடிக்கு மட்டும் வேலை என்பதால் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்குள் ஆளியோடு வரும் இந்தச் சின்னத் தடையை, எதற்கென்று தெரியாமல் பூட்டாமல் விடுவதுதான் பிசகுகளில் சுலபமானது.

இன்னொரு குறுக்குவழி உண்டு. ஆல்டர்னேட்டர் வயரை ஆளியைத் தாண்டி நேரே பெட்டரியில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டால் மேலே சொன்ன வோல்ற்று ஏற்றம் வராது. பெட்டரி எப்போதும் பிடித்துக்கொள்ளும். வின்ச் பூட்டும் பலர் வின்ச் வயரையும் அப்படியே நேரே பெட்டரிக்குக் கொடுக்கிறார்கள். மின்னணுப் பெட்டிக்கு இது பாதுகாப்பு, மனிதருக்கு இல்லை. ஆளியை அணைத்த பிறகும் எஞ்சின் அறைக்குள்ளும் முன் பம்பர் வரையும் ஆயிரம் அம்பியர் தரக்கூடிய வயர்கள் உயிரோடு இருக்கின்றன. மோதலில் முதலில் நசுங்குவதும் அதே இடம். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏயின் விதி இந்த விடயத்தில் இடைவெளி விடவில்லை. பெட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்குகள், ஹோன், பற்றவைப்பு உட்பட எல்லாச் சுற்றுகளையும் ஆளி பிரிக்க வேண்டும். எஞ்சினையும் நிறுத்த வேண்டும். அது பொறி கிளப்பாத வகையாக இருக்க வேண்டும். உள்ளிருந்தும் வெளியிருந்தும் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெளிப்பிடி முன்கண்ணாடித் தூணின் அடியில் வரும். வெள்ளைக் கரையிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளம். முக்கோணத்தின் அடி 12 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவருடைய விபத்திலிருந்து வந்த விதி என்றே இதை வாசிக்க வேண்டும்.

வின்ச் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்பாதை வாகனத்துக்கும் வட்டப் பாதைக் காருக்கும் வேறுபாடு அங்கேதான். எங்கும் கிடைக்கும் சிவப்புச் சாவி ஆளியின் வழக்கமான அளவு தொடர்ந்து 100 அம்பியர், 5 விநாடிக்கு 500 அம்பியர். ஸ்டார்ட்டருக்கு இது போதும். சேற்றில் புதைந்த ஜீப்பை இழுக்கும் மின் வின்ச் முழுப் பாரத்தில் 400 அம்பியருக்கு மேலும் கேட்கும், அதுவும் 5 விநாடிக்கு இல்லை, நிமிடக்கணக்கில். தொடுமுனையின் தடை ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும் 400 அம்பியரில் அங்கே 160 வாற்று சூடு பிறக்கும்; மண்ணும் ஈரமும் புகுந்து அந்தத் தடை ஐந்து மடங்கானால் 800 வாற்று. பிளாஸ்டிக் உடல் இளகி, தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சாவியைத் திருப்பலாம், ஆளி பிரியாது. ஆகவே வின்ச் உள்ள வாகனத்தில் வின்ச்சின் ஓட்டத்தைத் தாங்கும் பெரிய ஆளியோ, வின்ச்சுக்கென்றே தனி ஆளியோ வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கையால் எட்டும்படி. பஸ்ஸிலும் லொறியிலும் 24 வோல்ற்று என்பதும் கவனத்துக்குரியது. செப்புத் தொடுமுனைகள் பிரியும்போது மின்வில் நிலைத்து நிற்க ஏறத்தாழ 13 வோல்ற்று தேவை. 12 வோல்ற்றில் வில் தோன்றினாலும் உடனே அணைந்துவிடும், 24இல் நின்று எரியும். ஆடலோட்டம் விநாடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் தானே வில்லை அணைத்துக்கொள்ளும். நேரோட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. 12 வோல்ற்று என்று பொறித்த ஆளியை 24 வோல்ற்று ஜீப்பில் பூட்டுவது அதனாலேயே பிழை.

நேர் வயரில் பூட்டுவதா, எர்த்தில் பூட்டுவதா என்று வேலைத்தளங்களில் வாதம் நடக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எர்த்தைத் துண்டித்தால் பிறகு நேர் வயர் எங்கே முட்டினாலும் சுற்று முழுமையடையாது. உராய்ந்த வயர் உள்ள பழைய வாகனத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் பெட்டரியின் எதிர்முனைக்கு வேறு ஒரேயொரு எர்த் வயர் இரகசியமாகப் போயிருந்தாலும் ஆளி பொய்யாகிவிடும். பிற்காலத்தில் யாரோ பூட்டிய அம்ப்ளிஃபயரும் வின்ச்சும் அப்படித்தான் எர்த் எடுத்திருக்கும். நேர் வயரில் பூட்டினால் இந்தக் களவு இணைப்புகள் கண்ணுக்குத் தெரியும். பதிலாகப் பெட்டரிக்கும் ஆளிக்கும் இடையிலுள்ள துண்டு எப்போதும் உயிரோடிருக்கும். என் தீர்ப்பு நேர் வயர் பக்கம்: அந்தத் துண்டை ஒரு முழத்துக்கு மேல் போகவிடாமல், தடித்த இறப்பர்க் குழாயும் போட்டு, பெட்டரியை இரும்புப் பட்டியால் இறுக்கிவிட்டால் அதன் குறை கையடக்கமாகிறது. களவு எர்த்தின் குறையோ அடுத்த வயரிங் வேலையோடு திரும்பி வரும்.

டீசல் ஓட்டுபவர்கள், ‘எங்களுக்குப் பொறியே தேவையில்லை, இந்த ஆளி எதற்கு?’ என்பார்கள். இது எதிர்வாதங்களில் வலுவானது. 4டிஆர்5 போன்ற பழைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்ப் முழுவதும் பொறிமுறையானது. எல்லா மின்சாரத்தையும் வெட்டினாலும் அது ஓடும். அதனால் ஆளி வேண்டாம் என்று ஆகாது. ஆளியோடு இன்னொன்றும் வேண்டும் என்றே ஆகிறது. எஃப்ஐஏ விதியும் மின்னணுக் கட்டுப்பாடில்லாத டீசலில் ஆளியோடு எஞ்சினின் உள்ளெடுப்பு வழியை அடைக்கும் கருவியும் இணைந்திருக்க வேண்டும் என்கிறது. வெளிப்பிடியின் கேபிளிலேயே எஞ்சின் நிறுத்தும் கேபிளையும் சேர்த்து, ஓர் இழுப்பில் இரண்டும் நடக்கும்படி செய்வது ஒரு நல்ல வயரிங்காரருக்கும் ஒரு வெல்டிங்காரருக்கும் அரைநாள் வேலை. பக்கவாட்டில் விழுந்த டீசல் எஞ்சின் தன் ஒயிலையே உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடுவதும் உண்டு. அப்போது எரிபொருளை நிறுத்தியும் பயனில்லை, காற்று வரும் வழியை அடைக்க வேண்டும். டீசல் பெற்றோலைப்போல் ஆவியாகாது, அதன் தீப்பற்றும் வெப்பநிலை 50 பாகை செல்சியசுக்கு மேல் என்பது உண்மை. ஆனால் சூடான எஞ்சின் மேல் ஒழுகும் டீசலுக்கு 50 பாகை ஒரு தடையே இல்லை.

செலவு என்ற எதிர்வாதத்தை நான் அதிகம் பொருட்படுத்தவில்லை. டயரும் வின்ச்சும் வாங்கத் துணிந்தவர் இதை வாங்கலாம். கவனிக்க வேண்டிய எதிர்வாதம் வேறு. ஓடும் வாகனத்தில் முழங்கால் பட்டு ஆளி திரும்பிவிட்டால்? கீழ்நோக்கிய வளைவில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்கே போதும். மலைப்பாதையில் இது கற்பனைப் பயம் இல்லை. இதற்கு விடை ஆளியைக் கைவிடுவதில் இல்லை, அதன் இடத்தில் இருக்கிறது: வார் பூட்டி இருக்கும் சாரதியின் கை நீட்டினால் எட்ட வேண்டும், காலும் உதவியாளரின் முழங்கையும் எட்டக்கூடாது. வெளிப்பிடி மரக்கிளை பட்டு இழுபடாதபடி வளையத்துக்குக் காப்பு வேண்டும். தொடுமுனை இல்லாத மின்னணு ஆளிகளும் இப்போது உண்டு. அதிர்வுக்கும் சேற்றுக்கும் அவை மேல், பொத்தானை எத்தனை இடத்திலும் வைக்கலாம். விலை அதிகம், எங்கள் பக்கத்தில் பழுதுபார்க்க ஆளில்லை. நல்ல பொறிமுறை ஆளி இன்னும் பல ஆண்டுக்குப் போதும். ஹைபிரிட் கார்களின் 200 வோல்ற்று அளவிலான பெட்டரி தனிப் பொருள். அதற்கு இந்த ஆளியைப் பதிலாக நினைக்கக்கூடாது.

பூட்டிய பிறகு சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கையும் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு ஆளியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தயங்கித் தயங்கி ஓடினாலும், விளக்கு மங்கலாக எரிந்தாலும் ஆல்டர்னேட்டர் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதை உள்ளே ஒரு தடவையும் வெளிப்பிடியால் ஒரு தடவையும் செய்ய வேண்டும். அடுத்து, ஆளி அணைந்திருக்கையில் வாகனப் பக்கத்து போல்ட்டுக்கும் உடம்புத் தகட்டுக்கும் இடையில் மீற்றரை வைத்தால் பூச்சியம் காட்ட வேண்டும். கடைசியாக, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆளியின் இரண்டு போல்ட்டுக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. மேலே போனால் தொடுமுனை கெட்டுவருகிறது. வெளிப்பிடியின் கேபிள் உறைக்குள் செம்மண் புகுந்து, ஊவாவின் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் இறுகிப்போகும். ஒரு போட்டிக்கு வேலை செய்தது அடுத்ததில் வேலை செய்யும் என்று உத்தரவாதமில்லை. கேபிளுக்குக் கிறீஸ் ஊட்டுவதும் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்ப்பதும் பந்தயப் பரிசோதகரின் வேலை மட்டுமில்லை, உரிமையாளரின் வேலை. பரிசோதகர்கள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அனுப்பாமல், எஞ்சினை ஓடவிட்டு இழுத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

ஒரு கோரிக்கை மிச்சம் இருக்கிறது. நீல முக்கோணமும் சிவப்பு மின்னலும் பந்தயப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தருக்குப் புரியும். பசறையிலோ தெமோதரையிலோ தியத்தலாவையிலோ கவிழ்ந்த வாகனத்தை நோக்கி ஓடிவரும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் சிப்பாய்க்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் அது வெறும் ஸ்டிக்கர். விதி கேட்கும் அடையாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் கை அகல எழுத்தில் சிங்களத்திலும் தமிழிலும் ‘விபத்தானால் இதை இழுக்கவும்’ என்று எழுதுங்கள். போட்டி நடத்துபவர்கள் இதை நுழைவு நிபந்தனையாக்கலாம். தோட்ட லொறி வைத்திருப்பவர்களும் தனியார் பஸ் உரிமையாளர்களும் நிபந்தனைக்குக் காத்திராமலே செய்யலாம். வண்ணமும் தூரிகையும் பசறை டவுனிலேயே கிடைக்கும்.